தோற்ற அணியைக் கலைப்பதற்கு அமெரிக்காவைச் சான்று காட்ட வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஒன்று ஒரு பருவம் முழுவதும் தோற்றதையும், அதன் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டதையும், வீரர்களில் பலர் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் பெயர்ந்ததையும் விவரித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்களில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் தோல்வியைச் சிறிதும் பொறுக்காத அந்தக் கண்டிப்பு நம் கல்லூரிகளுக்கும் வந்தால்தான் விளையாட்டு உருப்படும் என்ற கருத்தோடு கட்டுரை முடிந்திருந்தது. திருவாரூர் மாவட்டத்தில் நான் அறிந்த ஒரு கல்லூரியில், இந்த ஆண்டு எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டாத கபடி அணியைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும் வேளையில், நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வந்து ஆசிரியர்களிடம் காட்டியிருக்கிறார். அமெரிக்காவிலேயே இப்படித்தான் என்ற வாதத்துக்கு அது துணையாகிவிட்டது. கல்லூரியின் பெயரை எழுதுவது மாணவர்களுக்கு நல்லதல்ல என்பதால் தவிர்க்கிறேன். கட்டுரை சொல்லாமல் விட்ட பகுதியைத் தங்கள் வாசகர்கள் முன் வைப்பது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

நான் டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் அக்காள் மகன் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு, மேற்படிப்புக்காகக் கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றான். கோதுமை வயல்களுக்கு நடுவே மன்ஹாட்டன் என்ற சிறிய ஊரில் இருக்கும் வேளாண்மைப் பாரம்பரியம் கொண்ட பல்கலைக்கழகம் அது. அவன் அங்கிருந்து பேசும்போதெல்லாம் பாடத்தைவிட அந்த ஊர்க் கால்பந்தைப் பற்றித்தான் அதிகம் பேசினான். நானும் தொழில்முறை ஆர்வத்தால் அந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அங்கே கால்பந்து என்பது, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த பதினொருவர் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் நூறு கெஜ மைதானத்தில் முன்னேறும் ஆட்டம். நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பெரிய பல்கலைக்கழகங்களின் வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள் உண்டு. பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம் ஒன்றில் இடம் பெறக் குறைந்தது 6 வெற்றிகள் வேண்டும் என்பது பொது விதி. பன்னிரண்டே ஆட்டங்கள் என்பதால், கடைசி நிமிடத்தில் கைநழுவும் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஓர் அணியின் ஆண்டையே தலைகீழாக மாற்றிவிடும். தோல்விப் பருவம் என்ற சொல்லைக் கேட்கும்போது இந்தக் கணக்கு நம் மனத்தில் இருக்க வேண்டும்.

கட்டுரை கண்டிப்பு என்று பாராட்டியதை நான் பண பலம் என்றே சொல்வேன். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல், அதாவது நம் கணக்கில் 600 கோடி ரூபாய்க்கு மேல். வேலை செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கு இவ்வளவு பணம். நன்கொடையாளர்களும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் பின்னால் நிற்கும் இடத்தில்தான் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியும். வீரர்கள் இடம் பெயர்வதும் அப்படித்தான். மாறிச் செல்ல விரும்பும் வீரர்களின் பதிவேடு 2018இல் வந்தது; ஓராண்டு வெளியே உட்காராமல் உடனே புதிய அணிக்கு ஆடலாம் என்ற தளர்வும், விளம்பரங்கள் மூலம் வீரர்கள் பணம் ஈட்டலாம் என்ற அனுமதியும் 2021இல் வந்தன. 2025 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. தோற்ற அணியை விட்டு வீரர்கள் போவது இந்தச் சந்தையின் விளைவு. அதை ஒழுக்கத்தின் விளைவாகக் காட்டுவது சரியல்ல.

அந்தச் சந்தையிலும் எல்லோரும் அவசரப்படுவதில்லை. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2023 பருவத்தில், தன் கூட்டமைப்பின் (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் தொகுப்பு) இறுதி ஆட்டத்தையும் சேர்த்து, முதல் 13 ஆட்டங்களையும் வென்றது; அடுத்த ஆண்டே 2 வெற்றி, 10 தோல்வி என்று சரிந்தது. அவ்வளவு பெரிய சரிவுக்குப் பிறகும் அந்த அணியின் பயிற்சியாளர் மைக் நார்வெல் 2025 பருவத்திலும் பொறுப்பில் தொடர்ந்தார்.

இப்போது கேன்சஸ் ஸ்டேட் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான வரலாறு எனக்குத் தெரியவில்லை. 1989க்கு முன்பு வரை அந்த அணியின் மொத்தக் கணக்கு 299 வெற்றிகள், 510 தோல்விகள், 41 சமநிலைகள். பெரிய பிரிவில் ஆடும் பல்கலைக்கழகங்களில் 500 தோல்விகளை முதலில் தொட்ட அணி அதுதான். 1987இல் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் ஒன்றை மட்டும் சமன் செய்தது. 1988இல், அன்றைய பருவத்தின் பதினோரு ஆட்டங்களும் தோல்வி. நாட்டின் மிக மோசமான அணி என்று தேசிய அளவிலான விளையாட்டு இதழ்களே எழுதின. 1986இல் பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜான் வெஃபல்ட் முன்னால், அணி ஆடிவந்த பெரிய கூட்டமைப்பிலிருந்து விலகிவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. 1988 இறுதியில் அயோவா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த பில் ஸ்னைடரை அழைத்து வந்து, அவருக்குத் தேவையான உதவியாளர்களையும் வசதிகளையும் கொடுத்தார்.

முதல் ஆண்டில் என்ன நடந்தது என்பதைத் தங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். 1989 பருவத்தில் ஸ்னைடரின் அணி 1 வெற்றியும் 10 தோல்விகளும் பெற்றது. அந்த ஒரே வெற்றி, செப்டம்பர் 30 அன்று வடக்கு டெக்சாஸ் அணிக்கு எதிராக, ஆட்டத்தின் கடைசி முயற்சியில் 20க்கு 17 என்ற கணக்கில் கிடைத்தது. கட்டுரையின் அளவுகோலால் அளந்தால் அவரை அந்த டிசம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. 1990இல் 5 வெற்றிகள், 1991இல் 7 வெற்றிகள் என்று ஏறிய அணி, 1992இல் மறுபடியும் வெற்றிகளைவிடத் தோல்விகளை அதிகம் கண்டது. அப்போதும் யாரும் அவரை விரட்டவில்லை. 1993இல் 9 ஆட்டங்களை வென்று, அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பருவ முடிவுச் சிறப்பு ஆட்டம் ஒன்றில் வெற்றி பெற்றது. 1998இல் வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றது; 2003இல் ஓக்லஹோமா அணியை 35க்கு 7 என்று வீழ்த்திக் கூட்டமைப்பின் வாகையர் ஆனது. இன்று அந்த மைதானத்துக்கு ஸ்னைடர் குடும்பத்தின் பெயர் இருக்கிறது.

இதில் என்னைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது அவர் செய்த வேலையின் முறை. முதலில், வெல்லக்கூடிய எதிரணிகளோடு ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். கூட்டமைப்புக்கு வெளியே விளையாடும் ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பலம் குறைந்த அணிகளையே அழைக்கிறார் என்று அவர்மீது பல ஆண்டுகள் விமர்சனம் இருந்தது. அந்த விமர்சனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தோற்றுத் தோற்றுப் பழகிய இளைஞனுக்கு, கடைசி ஐந்து நிமிடத்தில் முன்னிலையில் இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்காது. அவன் அந்த இடத்தில் இருந்ததே இல்லை. அதைக் கற்றுத்தர வேறு வழி கிடையாது. அடுத்து, பெரிய அணிகள் கண்டுகொள்ளாத இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து வீரர்களைத் தேடி எடுத்தார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அங்கேயே இருந்தார். 2005 வரை இருந்து ஓய்வு பெற்று, 2009இல் திரும்பி வந்து 2018 வரை பயிற்சி அளித்தார். என் அக்காள் மகன் அங்கே படித்த காலத்தில், தன் பேராசிரியர்கள் சிலர் பழைய தோல்விக் காலத்தில் காலியாகக் கிடந்த இருக்கைகளைப் பற்றிப் பெருமையோடு பேசுவார்கள் என்று சொன்னான். அந்த நாட்களிலும் நாங்கள் வந்து உட்கார்ந்தோம் என்பதே அவர்களுக்குப் பெருமை.

பணம் இல்லாத கல்லூரிக்கு இது பொருந்தாது என்று யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்காகப் பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பற்றிச் சொல்கிறேன். டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகருக்கு அருகில், கறுப்பின மாணவர்களுக்காக 1876இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. 1989 முதல் 1998 வரை அந்த அணி தொடர்ச்சியாக 80 ஆட்டங்களில் தோற்றது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அதைவிட நீண்ட தோல்வித் தொடர் கிடையாது. காரணம் வீரர்களின் சோம்பலா? நிதிச் சிக்கலால் 1990 பருவத்தில் அணியே நிறுத்தப்பட்டது. 1991இல் மறுபடி தொடங்கியபோது விளையாட்டு உதவித்தொகை எதுவும் இல்லாமல் தொடங்கினார்கள். எதிரணிகளில் உதவித்தொகை பெற்ற தேர்ந்த வீரர்கள். இங்கே கல்விக் கட்டணத்தைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்து, பயிற்சிக்கும் நின்ற மாணவர்கள். அவர்கள் தோற்றதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்ப வந்து களமிறங்கினார்கள் என்பதுதான் வியப்பு. அந்தக் கல்லூரியின் வாத்தியக் குழு நாடறிந்தது. அணி தோற்ற ஆண்டுகளிலும் அது வாசிப்பதை நிறுத்தவில்லை. 1998 செப்டம்பர் 26 அன்று லாங்ஸ்டன் அணியை 14க்கு 12 என்று வென்றபோது தொடர் முடிந்தது. 2009இல் அதே கல்லூரி தன் கூட்டமைப்பின் வாகையர் பட்டத்தை வென்றது. அணியை ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதற்கு எத்தனை ஆண்டுகள் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை, இங்கே கலைக்கலாம் என்று எளிதாகப் பேசுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1983 முதல் 1988 வரை 44 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது. சிகாகோ அருகிலுள்ள நார்த்வெஸ்டர்ன் 1979 முதல் 1982 வரை 34 ஆட்டங்கள் தோற்றது. இரண்டும் படிப்புக்குப் பெயர் பெற்றவை. இரண்டுமே அணியைக் கலைக்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் 1995 பருவத்தில் தன் கூட்டமைப்பை வென்று, ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற பருவ முடிவுச் சிறப்பு ஆட்டத்துக்குச் சென்றது. கொலம்பியா 2024இல் தன் கூட்டமைப்பான ஐவி லீக்கின் பட்டத்தை மற்ற இரு அணிகளோடு பகிர்ந்துகொண்டது. 1961க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் பட்டம்.

கலைத்தவர்களும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்தது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான கோப்பையை 1935இல் முதன்முதலில் பெற்ற ஜே பெர்வாங்கர் அந்த அணியைச் சேர்ந்தவர். நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறி, 1939 பருவத்தில் மிச்சிகனிடம் 85க்கு 0, ஹார்வர்டிடம் 61க்கு 0 என்று தோற்றது. அந்த ஆண்டின் இறுதியில், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில், பெரிய அளவிலான கால்பந்தையே பல்கலைக்கழகம் கைவிட்டது. ஆட்டம் நின்ற அந்த ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டியது. நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் பணியாற்றிய பல்கலைக்கழகம் அது. கலைத்தவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். கல்விக்கும் பெரிய அளவிலான வணிக விளையாட்டுக்கும் ஒத்துவராது என்பது ஹட்சின்ஸின் நீண்டகாலக் கொள்கை; ஒரு பருவத் தோல்விக்குத் தண்டனையாக எழுந்த முடிவு அல்ல அது. அதே பல்கலைக்கழகம் 1960களில் கால்பந்தை எளிய அளவில் திரும்பக் கொண்டுவந்து, இன்றும் உதவித்தொகை வழங்காத பிரிவில் ஆடிவருகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் சொன்ன கல்லூரியின் கபடி அணி இந்த ஆண்டு ஒன்றிலும் வெல்லவில்லை என்பது உண்மை. ஆனால் மண்டலப் போட்டிகள் எல்லாம் நாக் அவுட் முறையில் நடப்பவை. முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்று பிற்பகலே பேருந்து ஏற வேண்டியதுதான். பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடித் தோற்ற அமெரிக்க அணியையும், ஆண்டு முழுவதும் மூன்று நான்கு ஆட்டங்கள்கூட ஆட வாய்க்காத நம் மாணவர்களையும் ஒரே சொல்லால் குறிப்பது எப்படிப் பொருந்தும்? வலுவான நகரக் கல்லூரியோடு குலுக்கலில் முதல் சுற்றே விழுந்துவிட்டால், அந்த அணி எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை அறிய யாருக்கும் வழி இல்லை.

அவர்களுடைய ஆட்டம் ஒன்றை நான் நேரில் பார்த்தேன். எதிரணி ஆண்டு முழுவதும் மேட் எனப்படும் செயற்கை விரிப்பில் பயிற்சி செய்யும் அணி. நம் பிள்ளைகள் பழகுவது கல்லூரிக்குப் பின்னால் உள்ள மண் தரையில். வண்டல் மண் என்பதால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் குழையும், மணல் தூவித்தான் கோடு போடுவார்கள். மண்ணில் வெறுங்காலோடு ஆடுபவன் கடைசி நொடியில் காலைச் சறுக்கித் திரும்புவான். மேட் விரிப்பில் கால் சறுக்காது, அப்படியே பிடித்துக்கொள்ளும். முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் நம் அணியின் முதன்மை ரைடர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிச் செல்பவன். சீனியர் ஒருவரின் ஷூவைக் கடன் வாங்கிப் போட்டிருந்தான். அது அவன் காலுக்குப் பெரியது. முன்புறத்தில் துணியைத் திணித்துக்கொண்டு ஆடினான். முதல் பாதியில் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பும்போது ஷூவுக்குள் கால் புரண்டு, கார்னரில் நின்றவனின் கணுக்கால் பிடியில் மாட்டினான். மிச்சமிருந்த இருவரும் அடுத்தடுத்து வெளியேற, அணியே ஆல் அவுட் ஆகி, அதற்காக எதிரணிக்குக் கிடைக்கும் லோனா என்ற கூடுதல் புள்ளிகளும் போயின. இடைவேளையில் அவன் முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்திருந்ததை நான் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஷூவைக் கழற்றிவிட்டு ஆட அனுமதி கேட்டான்; கிடைக்கவில்லை. அப்படியும் அந்தப் பாதியில் அதிகப் புள்ளி எடுத்தவன் அவன்தான். பதிவேட்டில் இருப்பது தோல்வி என்ற ஒரு சொல் மட்டுமே.

மற்றக் காரணங்களையும் சொல்கிறேன். அந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் நிரப்பப்படாமல் இருக்கிறது. வேறு துறை ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார், அவருக்குக் கபடி தெரியாது என்பது அவர் குற்றம் இல்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் நெருங்கும் மாதங்களில்தான் டெல்டாவில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அணியில் உள்ளவர்களில் பெரும்பாலோர் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்த வாரங்களில் கூலியை விட்டுவிட்டு மாலைப் பயிற்சிக்கு வா என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் தண்ணீரில் நிற்கும். போட்டி நாளன்று விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்துத் தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போய் இறங்கி, வழியில் கிடைத்ததைத் தின்றுவிட்டு நேராகக் களத்தில் நிற்கிறார்கள். முந்தைய நாளே போய்த் தங்க விடுதிச் செலவு தருவதில்லை. இவை எல்லாம் ஸ்னைடர் வருவதற்கு முன் கேன்சஸில் இருந்த காரணங்களின் வகையைச் சேர்ந்தவைதான்: ஆள் இல்லை, இடம் இல்லை, பொருத்தமான ஆட்டங்கள் இல்லை. அங்கே தலைவர் இவற்றைச் சரிசெய்ய முனைந்தார். இங்கே இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைகளை நீக்கப் பார்க்கிறோம்.

அணியைக் கலைத்தால் நேரும் இன்னொரு கேடு நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பல்கலைக்கழக அணிக்கான வீரர்கள், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் ஆடுபவர்களிலிருந்தே அடையாளம் காணப்படுகிறார்கள். கல்லூரி முதல் சுற்றில் தோற்றாலும், நன்றாக ஆடிய ஒருவனைத் தேர்வாளர்கள் குறித்துக்கொள்வது உண்டு; என் பணிக்காலத்தில் அப்படித் தேர்வானவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கணக்கில் வரும். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. காவல் துறையிலும் ரயில்வேயிலும் சேர்ந்து குடும்பத்தை நிமிர்த்திய கபடி வீரர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஊருக்கு ஒருவராவது உண்டு. கல்லூரிக்கு அணியே இல்லை என்றால், அந்த முத்துப்பேட்டைப் பையன் எந்தக் களத்தில் நின்று தன்னைக் காட்டுவான்? அமெரிக்க வீரனைப் போல வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ள அவனுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. இரண்டாம் ஆண்டில் இருப்பவன், அந்தக் கல்லூரியிலேயேதான் பட்டம் முடிக்க வேண்டும்.

தோல்வியைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பயிற்சிக்கு வராதவனை நீக்குங்கள். வருகைப் பதிவு குறைந்தவனைப் பெஞ்சில் உட்கார வையுங்கள். ஆண்டு இறுதியில் ஒவ்வோர் ஆட்டத்தையும் எடுத்து எங்கே புள்ளி போனது என்று வீரர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் பணியில் இருந்தபோது அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர முடியாத செய்திகளை மாணவர்கள் எழுதினார்கள். தோல்வியை ஆராய்வதில் கடுமை இருக்கட்டும். புரோ கபடியில் 2019 பருவத்தில் பன்னிரண்டு அணிகளில் கடைசி இடத்தில் நின்ற தமிழ் தலைவாஸ் அணி 2022இல் அரையிறுதி வரை போனதை எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் இன்று கல்லூரிப் பிள்ளைகளின் ஒரு பருவத் தோல்விக்கு இவ்வளவு பதறுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். விளையாட்டுத் தகுதியின் பேரில் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி, அவர் பட்டம் முடிக்கும் வரை அந்த அணியைக் கலைக்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் விதி செய்ய வேண்டும். நாக் அவுட் தொடங்குவதற்கு முன், அருகருகே உள்ள கல்லூரிகளைச் சிறு பிரிவுகளாகப் பிரித்து, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் போன்ற ஊர்களிலேயே லீக் ஆட்டங்களை நடத்தினால், ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது ஐந்தாறு ஆட்டங்கள் கிடைக்கும். பயணச் செலவும் குறையும். கபடிக்கான மேட் ஒரு கல்லூரியால் வாங்கக்கூடிய விலையில் இல்லை என்றால், மாவட்ட விளையாட்டரங்கில் இருப்பதை வாரத்தில் இரண்டு மாலைகள் கல்லூரி அணிகளுக்கு முறை வைத்துத் தரலாம். காலியாக உள்ள உடற்கல்வி இயக்குநர் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்று அரசிடமும் நிர்வாகங்களிடமும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம், மறுபடியும் கேட்கிறேன்.

பணம் இல்லாததால்தான் அணியைக் கலைக்கிறோம் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லுமாறு அந்தக் கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். முன்னாள் மாணவர்களிடம் உதவி கேட்க நானும் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த ஆண்டு நிரந்தர இயக்குநர் வரும் வரை மாலைப் பயிற்சியைச் சம்பளம் இல்லாமல் கவனித்துக்கொள்ளவும் முன்வருகிறோம். அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் முடிவு தெரிந்தால்தான், ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கபடிக்காகவே அந்தக் கல்லூரியை நினைத்துக்கொண்டிருக்கும் கிராமத்துப் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியும். ஆகவே இக்கடிதத்தை விரைந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.